ஒரு ஸ்டார் யாருக்கு?



வோட்டர் பார்க்குக்குப் போட்டு வந்த எங்கட ஆக்கள் எழுதுற விமர்சனங்களை ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ. வரிசை நீளம், சிப்ஸ் விலை, லொக்கருக்குத் தனிக் காசு. எல்லாம் உண்மை. ஆனா முடிவு எப்பவும் ஒண்டுதான்: "அங்க நிக்கிற பெடி பெட்டையளுக்கு மரியாதை தெரியாது. ஒரு ஸ்டார்." அந்த முடிவோடதான் எனக்குச் சண்டை.

பாதுகாப்பு ஒரு பிரச்சினை, வாடிக்கையாளர் சேவை வேறொரு பிரச்சினை எண்டு பிரிச்சு வைக்கிறது நிர்வாகத்துக்கு நல்ல வசதி. ரெண்டும் ஒரே கணக்கில இருந்துதான் வருது: அண்டைக்கு எத்தனை பேரை வேலைக்குப் போட்டது? சறுக்கின் உச்சியில ஒராள் நிக்கவேணும். கீழ, ஆக்கள் வந்து விழுற தொட்டியடியில இன்னொராள் நிக்கவேணும். முதல் போனவர் தொட்டியை விட்டு வெளிய வந்திட்டார் எண்டு கீழ நிக்கிறவர் கை காட்டினாப் பிறகுதான் மேல நிக்கிறவர் அடுத்தவரை விடலாம். இந்த வேலைக்குப் பெரிய தொழில்நுட்பம் ஒண்டும் தேவையில்லை. ரெண்டு பேர் வேணும், அவையளுக்கு இடைக்கிட ஓய்வு வேணும். ஒராளைக் குறைச்சா முதல்ல போறது முகத்தில இருக்கிற சிரிப்பு. பின்னேரம் மூண்டு மணிக்குப் போறது கவனம்.

போன ஓகஸ்ட் எங்கட தமிழ்ப் பள்ளிக்கூடம் ரெண்டு கோச் பிடிச்சு ஒரு பார்க்குக்குப் போனது. அங்க அக்காவின்ர மகன் சறுக்கி வந்து தொட்டிக்குள்ள எழும்ப முதலே, பின்னால விட்ட ஒரு பெரிய ஆள் அவன்ர முதுகில வந்து இடிச்சார். பிள்ளைக்கு வாய் வெடிச்சு ரத்தம். தொட்டியடியில ஒருவரும் இல்லை. முதலுதவி அறை பூட்டியிருந்தது. வரவேற்பு மேசையில ஒரு கியூஆர் கோட்டைக் காட்டி "இதில பதியுங்கோ" எண்டினம். ஒன்பது நாள் கழிச்சு மின்னஞ்சல் வந்தது: அடுத்த முறைக்கு 20 வீதம் கழிவு. அடுத்த முறை!

நான் மேல ஏறிப் போய்க் கேட்டன். நிண்டது பதினேழு வயசு மதிக்கத்தக்க ஒரு பிள்ளை. ரெண்டு சறுக்கின்ர வாசலையும் தனியப் பார்த்துக்கொண்டிருந்தது. காலமை பத்து மணியில இருந்து நிக்கிறனாம், கீழ நிக்கவேண்டியவரை அலைக்குளத்துக்கு மாத்திப்போட்டினமாம். கூடக் காசு குடுத்து வேகவரிசை ரிக்கெட் வாங்கின ஆக்கள் பக்கத்தில நிண்டு கத்திக்கொண்டிருந்தவை. அந்தப் பிள்ளை என்னோட மரியாதையாத்தான் கதைச்சது எண்டு சொல்லமாட்டன். கண்ணெல்லாம் கலங்கி, வெடுக்கெண்டுதான் கதைச்சது. அண்டிரவு எங்கட வட்ஸ்அப் குழுவில, அந்தப் பிள்ளையை வேலையால நிப்பாட்டவேணும் எண்டு பதினொரு பேர் எழுதிச்சினம். அலைக்குளத்துக்கு ஆளை மாத்தின மனேஜரைப் பற்றி ஒருவரும் எழுதேல்ல. ஏனெண்டால் அவரை ஒருவரும் காணேல்ல.

இதுதான் ஏற்பாடு. நாங்கள் காணுற முகம் எப்பவும் ஆகக் குறைஞ்ச சம்பளக்காரரின்ர முகம். 2025 ஏப்ரலில் பிரித்தானியாவில் குறைந்தபட்சக் கூலி 21 வயதுக்கும் அதுக்கு மேலும் மணித்தியாலத்துக்கு 12.21 பவுணாக இருந்தது. 18 வயதுக்குக் கீழ் 7.55 பவுணாக இருந்தது. 16 வயதில லைஃப்கார்ட் சான்றிதழ் எடுக்கலாம். அப்ப, வளர்ந்த ஒராளின்ர பொறுப்பை, உயிரைப் பார்க்கிற பொறுப்பை, அந்தக் கணக்கில மணித்தியாலத்துக்கு 4.66 பவுண் குறைச்சு வாங்க சட்டமே இடம் குடுத்தது. கோடை முடிய அவையளை வீட்டுக்கு அனுப்பலாம். சங்கம் கட்ட நேரமே இல்லை.

கன்சாஸில் நடந்ததைப் பாருங்கோ. ஷ்லிட்டர்பான் என்ற நிறுவனம் 2014 ஜூலையில் கன்சாஸ் சிற்றியில் 168 அடி உயரத்தில் ஒரு நீர்ச் சறுக்கைத் திறந்தது. உலகத்திலேயே உயரமானது எண்டு கின்னஸ் சான்றிதழ். பெயர் 'ஃபெருக்ட்', ஜெர்மன் மொழியில 'பைத்தியம்' எண்டு அர்த்தம். 2016 ஓகஸ்ட் 7 அன்று அதில் 10 வயதுப் பிள்ளை ஒன்று இறந்தது. அண்டைக்கு மக்கள் பிரதிநிதிகளின் குடும்பங்களுக்கான சிறப்பு நாள். இறந்தது ஒரு மாநிலச் சட்டமன்ற உறுப்பினரின் மகன். அடுத்த வருடமே கன்சாஸ் தன் கேளிக்கைச் சவாரிச் சட்டத்தை இறுக்கியது. அதுவரை ஆய்வு பெரும்பாலும் பார்க்குகளின்ர கையிலதான். ஒரு துப்புரவுத் தொழிலாளியின்ர பிள்ளை எண்டால் சட்டம் அவ்வளவு கெதியா மாறியிருக்குமா எண்டு நான் கேக்கிறன், பதில் உங்களுக்கும் தெரியும்.

2018 மார்ச்சில வந்த குற்றப்பத்திரிகை, சறுக்கை வடிவமைச்ச இணை உரிமையாளருக்கும் அவரின்ர கூட்டாளிக்கும் பொறியியல் தகைமை இல்லை எண்டும், முன்னம் பலர் காயப்பட்டதை நிர்வாகம் மறைச்சது எண்டும் குற்றம் சாட்டியது. என்ன நடந்தது? ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியின் நாடகமாக்கின காட்சிகளைப் பெரு நடுவர் குழுவுக்குக் காட்டினது பிழை எண்டு 2019 பெப்ரவரியில நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். நட்ட ஈடு கொடுத்து முடிச்சினம், கிட்டத்தட்ட 20 மில்லியன் டொலர். இந்த விவகாரத்தில் உண்மையில் விசாரணைக் கூண்டில் ஏறி நிண்டது ரெண்டே ரெண்டு பேர். ரெண்டு பேரும் பராமரிப்புத் தொழிலாளர்கள். புலனாய்வாளர்களுக்குப் பொய் சொன்னதாக அவையளில குற்றச்சாட்டு. 2018 ஒக்டோபரில் நடுவர் குழு அவையளை விடுதலை செய்தது. மேல இருந்தவைக்கு வழக்கே நடக்கேல்ல.

அமெரிக்காவில எண்டு தள்ளி வைக்கவேண்டாம். இங்க, 2017 மே 9, டிரெய்ட்டன் மேனரில லெஸ்டரில இருந்து பள்ளிச் சுற்றுலா வந்த 11 வயதுப் பிள்ளை தண்ணிச் சவாரிப் படகில இருந்து விழுந்து இறந்தது. நிறுவனம் 1974 ஆம் ஆண்டுச் சுகாதார, பாதுகாப்புச் சட்டத்தை மீறியதை ஒப்புக்கொண்டது. 2023ல ஒரு மில்லியன் பவுண் தண்டம். ஆனா 2020லேயே அந்தக் கம்பனி நொடிஞ்சு நிர்வாகிகளின்ர கைக்குப் போய், பார்க் வேற குழுமத்துக்கு வித்தாச்சு. கேற்றில அதே பெயர். தண்டனை விழுந்தது ஒரு வெறுங்கூட்டுக்கு. லெஸ்டர் பிள்ளையள், பள்ளிச் சுற்றுலா, கோச். எங்கட கதைக்கு எவ்வளவு கிட்ட எண்டு யோசியுங்கோ.

சில தோழர்கள் சிரிப்பினம் எண்டு தெரியும். செம்மணியில எலும்பு தோண்டியெடுத்திருக்கேக்க சறுக்குப் பற்றிக் கட்டுரையா? எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கிறேல்ல. நாங்கள் கூப்பிடுற கூட்டத்துக்கு முப்பது பேர் வருவினம். தமிழ்ப் பள்ளி கோச்சுக்கு நூறு குடும்பம் முற்பணம் கட்டும். எங்கட அம்மாமார் கூட்டாச் சேர்ந்து ஒரு கம்பனியோட ஒப்பந்தம் போடுற இடம் வேற எங்க இருக்கு? அந்தப் பலம் இப்ப பத்து வீதக் கழிவு கேக்கிறதுக்கு மட்டும்தான் பயன்படுது.

இன்னொரு ஞாயமான மறுப்பு வரும்: வேலை செய்யிற பிள்ளை நிறவெறியோட நடந்தாலும் பொறுக்கிறதா? இல்லை. வெள்ளைப் பிள்ளை ஓடினாப் பார்க்காம எங்கட பிள்ளை ஓடினா மட்டும் விசில் ஊதினா, அதைத் திகதி நேரத்தோட எழுதிக் குடுப்பம். களைப்பை வெறுப்பு எண்டு எழுதாம இருந்தாக் காணும்.

இந்த முறை பதிவு செய்ய முதல் கேக்கவேண்டியது இதுதான்: ஒவ்வொரு சறுக்குக்கும் மேலயும் கீழயும் எத்தனை பேர்? எவ்வளவு நேரத்துக்கு ஒருக்கா மாத்துறீங்கள்? அங்கீகரிச்ச தொழிற்சங்கம் இருக்கா? இருந்தால், 1977 ஒழுங்குவிதிகளின்படி சங்கம் நியமிக்கிற பாதுகாப்புப் பிரதிநிதி வேலைத்தளத்தைச் சோதிக்கலாம், விபத்துப் பதிவுகளையும் கேட்டு வாங்கலாம். விபத்து நடந்த இடத்தில இருந்து நேர ஆஸ்பத்திரிக்குச் சிகிச்சைக்குக் கொண்டுபோன ஒவ்வொரு விருந்தினரைப் பற்றியும் நிறுவனம் அதிகாரிகளுக்கு அறிவிக்கவேணும். தனியார் பார்க் பதில் தராட்டி, அந்தத் தகவலை 2000 ஆம் ஆண்டுத் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் உள்ளூராட்சி மன்றத்திட்டக் கேக்கலாம். எங்கட பிள்ளையளில கோடைக்கு லைஃப்கார்ட் வேலைக்குப் போறவையும் இருக்கினம். கடுமையான உடனடி ஆபத்து எண்டு நியாயமா நம்பினா வேலையை விட்டு விலக 1996 ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 44 ஆம் பிரிவு பாதுகாப்புத் தருது எண்டு அவையளுக்கு ஆர் சொல்லிக் குடுத்தது? சான்றிதழ் வகுப்பில சொல்லாட்டி நாங்கள் சொல்லுவம்.

கடிதத்தின்ர வரைவு தமிழிலயும் இங்கிலீசிலயும் எழுதிப்போட்டன். வேணுமெண்டால் இந்த மடலுக்குப் பதில் போடுங்கோ, அனுப்புறன். எங்கட பள்ளி நிர்வாகக் குழு அடுத்த ஞாயிறு கூடுது, கோடைச் சுற்றுலா நிகழ்ச்சி நிரலில நாலாவது. அந்தப் பதினொரு பேரில ஆறு பேர் குழுவில இருக்கினம். அவையளோட கதைக்க ரெண்டு மூண்டு பேர் என்னோட வந்தால் உதவியா இருக்கும்.