நேம்ஸ்பேஸ்: நீங்களே பார்க்கலாம்!

டேப்களைத் தனி அறையில் அடைத்து வைத்திருக்கிறோம் என்று பிரவுசர் சொல்கிறது. நம்புவதா? லினக்ஸ் வைத்திருப்பவர்கள் சோதித்துப் பார்க்கலாம்.

ஒரு பிராசஸுக்கு நெட்வொர்க், பிராசஸ் எண்கள், மவுன்ட் செய்த டிரைவ்கள் எனத் தனி உலகத்தைக் காட்டுவதுதான் நேம்ஸ்பேஸ். குரோம் பிரவுசரும் டாக்கரும் இதைத்தான் பயன்படுத்துகின்றன. மவுன்ட் நேம்ஸ்பேஸ் 2002-லேயே வந்துவிட்டது. ஆனால் எந்த பிராசஸ் எந்த அறையில் இருக்கிறது என்று பார்க்க நேர்வழி இல்லாமலே ஒன்பது ஆண்டுகள் ஓடின! 2011-ல் வந்த 3.0 கெர்னல்தான் கதவைத் திறந்தது. 'ப்ராக்' டைரக்டரியில் பிராசஸின் எண் கொண்ட போல்டருக்குள் 'என்எஸ்' என்ற போல்டர் இருக்கும். 2013-ல் வந்த 3.8 கெர்னலில் இருந்து அங்குள்ள ஒவ்வொரு லிங்க்கும் ஓர் எண்ணைக் காட்டுகிறது. இரண்டு பிராசஸ்களுக்கு எண் ஒன்றானால் அறையும் ஒன்றே.

இவை ஹார்ட் டிஸ்க்கில் இல்லாத பைல்கள். நாம் கேட்கும்போது கெர்னல் காட்டுபவை. இதற்கெனத் தனி சாப்ட்வேர் தேடவிடாமல் சாதாரண பைல் போலக் காட்டியது மிகச் சரியான முடிவு. சில பிராசஸ்களைப் பார்க்க ரூட் அனுமதி கேட்கும். அந்தக் கெடுபிடியும் நியாயம்தான்.

குறை ஒன்று உண்டு. 4026531840 போன்ற எண்ணைப் பார்த்து வீட்டு யூசர் என்ன புரிந்துகொள்வார்? 'எல்எஸ்என்எஸ்' கட்டளை பட்டியல் தருகிறது. ஆனால் அந்த அறை எதற்காக என்பதை அதுவும் சொல்வதில்லை.