அகதி அழுதுதான் ஆகவேண்டுமா?

அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்து ஆஷ்லண்ட் நகர நாடக விழாவில் 2016ஆம் ஆண்டு குய் நுயென் எழுதிய 'வியட்கோன்' நாடகத்தைப் பார்த்தேன். அதைப்பற்றி நம் எழுத்தாள நண்பர்களிடம் சொன்னால் ஒரே கேள்விதான் வருகிறது: "அமெரிக்காவுக்கு வக்காலத்து வாங்கும் நாடகமாமே?" பார்க்காமலே தீர்ப்பு!

1975 ஏப்ரல் 30இல் சைகோன் வீழ்ந்தது என்பார் சிலர். விடுதலையடைந்தது என்பார் வேறு சிலர். நம் முற்போக்கு அணி இரண்டாவது வகை. அதில் எனக்குப் பிணக்கில்லை. கொட்டிய குண்டுகளுக்கும் 'ஏஜன்ட் ஒரேஞ்ச்' நஞ்சுக்கும் யாரும் நியாயம் கற்பிக்க முடியாது. ஆனால் அதன்பின் 20 ஆண்டுகளில் ஏறத்தாழ 8 இலட்சம் பேர் படகேறி அந்நியக் கரைகளில் ஒதுங்கினார்களே, கடல் விழுங்கியவர்களுக்குக் கணக்கே இல்லையே, அவர்களுக்கு நம் சஞ்சிகைகளில் எத்தனை வரி கிடைத்தது?

நாடகத்தின் நாயகன் குவாங் தென்வியட்நாமிய ஹெலிகொப்டர் விமானி. மனைவி மக்களை விட்டுவிட்டு வந்தவன். ஆர்கன்சா மாநிலத்தின் ஃபோர்ட் சாஃபி முகாமில் டொங் என்ற பெண்ணோடு உறவு உண்டாகிறது. ஆனாலும் மோட்டார் சைக்கிளில் கலிபோர்னியா போய், குவாம் வழியாக ஊர் திரும்பவே துடிக்கிறான். இது கற்பனை ஆசையல்ல. 1975 ஒக்டோபரில் சுமார் 1,500 பேர் குவாமிலிருந்து கப்பலேறித் திரும்பத்தான் செய்தார்கள். அவர்களை வரவேற்றது 'மறுகல்வி' முகாம்.

இதில் வியட்நாமியர் சரளமாக, இன்றைய கொச்சையில், ராப் பாடிப் பேசுகிறார்கள். அமெரிக்கர்கள்தான் தின்பண்டப் பெயர்களைச் சொல்லிக் குளறுகிறார்கள். அகதியின் காதில் ஆளுவோர் மொழி அப்படித்தானே விழும்! சிரிப்பும் காமமும் தாராளம். இதுதான் பலருக்குச் சங்கடம். 1989இல் வந்த 'மிஸ் சைகோன்' இசைநாடகத்தில் வியட்நாமியப் பெண் தன் குழந்தை அமெரிக்கா போவதற்காகத் தற்கொலை செய்துகொள்வாள். அரங்கம் கண்ணீர் விடும். செத்துப்போகும் அகதியை எல்லோருக்கும் பிடிக்கும்.

வக்காலத்துக் குற்றச்சாட்டு எழுவது கடைசிக் காட்சியால். முதியவராகிவிட்ட தந்தையை நாடகாசிரியனான மகன் பேட்டி காண்கிறான். அந்த யுத்தம் தவறு என்று தந்தை சொல்வாரென எதிர்பார்க்கிறான். அவர் மறுத்துவிடுகிறார். எனக்கு அவரோடு உடன்பாடில்லை. மகனுக்கும் இலகுவாக இல்லை. ஆயினும் அப்பாவின் வாயைத் தன் அரசியலுக்கேற்பத் திருத்தாமல் விட்டானே, அந்த நேர்மையையா வக்காலத்து என்கிறீர்கள்? நண்பர்கள் பிரதியையாவது வாசித்துவிட்டு வரட்டும், பிறகு சண்டை பிடிப்போம்.