கத்திக்கு 3 மில்லிமீட்டர் விடுங்கள்

ஆண்டு மலரோ, கல்யாணப் பத்திரிகையோ, அச்சாகி வந்ததில் ஏதாவது குறை தென்பட்டால் நம்மவர்கள் உடனே சொல்வது, "பிரஸ்காரன் கெடுத்துவிட்டான்" என்பதுதான். பெரும்பாலும் இது நியாயமில்லை என்பது என் கருத்து.

இங்கே தில்லியில், நாராயணாவிலும் ஓக்லாவிலும் நல்ல ஆஃப்செட் இயந்திரங்கள் இருக்கின்றன. கைதேர்ந்த தொழிலாளிகளும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் அரிது. சிவகாசியில் என்றால், கம்ப்யூட்டர் முன் இருப்பவரே "சார், இங்கே புள்ளி விழவில்லையே" என்று கேட்டுவிடுவார். இங்கே கேட்க ஆளில்லை. நாம் கொடுத்தது எதுவோ அதுவே அச்சேறும். ஆகவே கோப்பைக் குறையில்லாமல் தயாரித்துக் கொடுக்கும் பொறுப்பை நாமே ஏற்க வேண்டும்.

முதலில் வெட்டும் விஷயம். அச்சகத்தில் பெரிய தாளில் பல பக்கங்களைச் சேர்த்து அச்சிட்டு, அடுக்கி, கட்டிங் மிஷினில் கட்டுக் கட்டாக வெட்டுகிறார்கள். அடுக்கில் தாள் ஒரு மில்லிமீட்டர் அப்படி இப்படி நகர்வது இயற்கை. ரயில்வேயில் வேலை பார்த்தவனுக்கு இது புதிதல்ல. ஓடும் பெட்டி ஸ்பிரிங்கின் மேல் ஆடும் என்பதால், பிளாட்பார விளிம்பைப் பெட்டியை ஒட்டிக் கட்டுவதில்லை. எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அச்சிலும் அதே கணக்குத்தான். ஏ4 தாள் 210 × 297 மில்லிமீட்டர். பின்னணி நிறமோ படமோ ஓரம் வரை வரவேண்டுமானால், நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக நீட்டி, 216 × 303 ஆகக் கொடுக்க வேண்டும். இதற்குப் பெயர் பிளீட். இதை விடாவிட்டால் ஓரத்தில் வெள்ளைக் கீற்று தெரியும். எழுத்து, முகம், பக்க எண் ஆகியவை வெட்டுக்கோட்டிலிருந்து குறைந்தது 5 மில்லிமீட்டர் உள்ளே இருக்கட்டும். விளிம்பை ஒட்டி பார்டர் கோடு போடவே வேண்டாம். ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் காட்டிக்கொடுத்துவிடும்.

நண்பர் வீட்டு அழைப்பிதழ் ஒன்றில் கடைசி வரியாக, விளிம்பை ஒட்டி, பாட்டியின் பெயர் இருந்தது. கத்தி சற்றே உள்ளே இறங்கியதில் பெயரின் கீழ்ப்பாதி போய்விட்டது. பேத்தியின் கல்யாணத்தில் பாட்டிக்கு இருந்த இடம் அந்த ஒரு வரிதான்.

அடுத்தது எழுத்துரு. யூனிகோடுக்கு முந்தைய பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். யூனிகோடில் அடித்தாலும் முழுப் பாதுகாப்பில்லை. இன்டிசைன் மென்பொருளில் வேர்ல்ட் ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால், "கெ" என்பதன் ஒற்றைக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தமிழ் தெரியாதவருக்கு இதில் என்ன வித்தியாசம் புரியும்? அதனால் வேர்ட் கோப்பைக் கொடுக்காதீர்கள். எழுத்துருக்களை உள்ளே பதித்த பி.டி.எஃப். கொடுங்கள்; கேன்வாவில் செய்பவர்கள் அச்சுக்கான பி.டி.எஃப்.பையும் பிளீட், கிராப் மார்க் வசதியையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

படங்களுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது பொதுவான அளவு. 10 சென்டிமீட்டர் அகலப் படத்துக்குச் சுமார் 1,180 பிக்சல் தேவை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் புகைப்படம் சுருங்கிவிடுகிறது. டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். திரையில் பளிச்சென்று தெரியும் பச்சையும் நீலமும் நாலு வண்ண மையில் சற்று மங்கும், முன்பே சி.எம்.ஒய்.கே.வுக்கு மாற்றிப் பார்த்துவிட்டால் பிறகு ஏமாற்றமில்லை. எழுத்துகள் கருப்பு மையில் மட்டுமே இருக்கட்டும். நாலு மையும் கலந்த கருப்பென்றால், பிளேட் இம்மி விலகினாலும் எழுத்துக்கு நிழல் விழும். கரும் பின்னணியில் பொடி வெள்ளை எழுத்தும் ஆகாது. புள்ளி மையில் மூழ்கி, "கல்" என்பது "கல" ஆகிவிடும்.

"பணம் கொடுக்கிறோம், இதையெல்லாம் அச்சகம் பார்க்கக் கூடாதா?" என்று சிலர் கேட்கலாம். பிளீட் இல்லையென்றால் அவர்களும் ஏதோ செய்வார்கள். பக்கத்தையே கொஞ்சம் பெரிதாக்கி இழுத்துவிடுவார்கள். அப்போது எழுத்து இன்னும் கத்தியை நெருங்கும். அது யார் பெயர், எந்த ஊர் என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லையே.

நான் சொல்லும் யோசனை எளிது. நம் பிள்ளைகளுக்கு மென்பொருள் கைவந்த கலை, தமிழ்தான் தடுமாறுகிறது. பெரியவர்களுக்குத் தமிழ் தெரியும். மவுஸைக் கண்டால் தயக்கம். இருவரையும் சேர்த்து உட்கார வையுங்கள். பிளேட் போடுமுன், அசல் அளவில் ஒரு காகித புரூஃப் எடுத்து, வெட்டுக்கோட்டில் கத்தரித்து, எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்து, இருவரும் கையெழுத்திட்ட பிறகே அச்சுக்கு அனுப்ப வேண்டும். ஒரு மாலை நேர வேலை.

இங்கே பல வீடுகளில் தமிழில் அச்சான காகிதம் என்று இருப்பதே நம் மலரும் இரண்டு அழைப்பிதழ்களும்தான். பிள்ளைகள் தமிழ் எழுத்தைப் பார்ப்பதும் அவற்றில்தான். அவற்றில் கொம்பு இடம் மாறியும் பெயர் பாதி அறுந்தும் இருக்கலாமா? மலர்க் குழு இந்த ஆண்டே இதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். புரூஃப் படிக்க ஆள் தேவையென்றால், கண்ணாடியோடு வரத் தயாராக இருக்கிறேன்.