ரோஜியில் பனி இறங்கவில்லை

சக சிற்றிதழ் ஒன்றின் சென்ற இதழில் தோக்கியோவைப் பற்றி ஒரு நெடுங்கட்டுரை. எழுதியவர் நிறையப் படித்தவர், உரைநடையும் கைவந்தவர். எரிச்சல் அதனாலேயே கூடுகிறது. அவர் சொல்வது இதுதான்: தோக்கியோவில் தெருக்களுக்குப் பெயர் கிடையாது, ஏனென்றால் ஜப்பானிய மனம் வெறுமையில் குடியிருக்கிறது. ஆங்கிலேயன் போன இடத்திலெல்லாம் பெயர்ப்பலகை நட்டான். ஜப்பானியன் இடத்தை இடமாகவே விட்டுவைத்தான். ஜென், ஹைக்கூ, தேநீர்ச் சடங்கு மூன்றும் ஆளுக்கொரு பத்தியில் வந்து சாட்சி சொல்லிவிட்டுப் போகின்றன. நண்பர்கள் சிலர் கூப்பிட்டு, ‘படித்தீர்களா, என்ன எழுத்து!’ என்றார்கள். படித்தோம்.

சரக்கு எங்கிருந்து வந்தது என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும். ரொலான் பார்த் 1970-ல் வெளியிட்ட ஜப்பான் நூலில் நகரத்தின் வெற்று மையமும் உண்டு, முகவரியில்லாத தெருக்களும் உண்டு. ஆனால் பார்த் கெட்டிக்காரர். தான் விவரிப்பது உண்மையான ஜப்பானை அல்ல, தானாகக் கட்டிக்கொண்ட ஒரு குறியமைப்பை என்று ஆரம்பத்திலேயே சொல்லித் தப்பித்துக்கொண்டார். அமைப்பியல் நம்மை வாரிச் சுருட்டிய வருடங்களில் அந்த நூலின் நகல்தாள்கள் கைமாறிக் கைமாறி மங்கிப்போயின. எச்சரிக்கை இருந்த பக்கம்தான் முதலில் மங்கியது போலிருக்கிறது.

கியோத்தோவை எடுத்துக்கொள்வோம். ஜென் என்றால் அந்த ஊர்தான். 1202-ல் நிறுவப்பட்ட கென்னின்ஜி அங்கே, தைத்தொகுஜி அங்கே, நான்சென்ஜி அங்கே. வெறுமை தெருப்பெயரை விழுங்குமென்றால் முதலில் விழுங்கியிருக்க வேண்டியது கியோத்தோவின் தெருக்களை. நடந்தது நேர்மாறு. பழைய கியோத்தோவில் தெருக்களுக்குப் பெயர் உண்டு. பிள்ளைகள் அந்தப் பெயர்களை வரிசையாகப் பாட்டாகவே பாடி மனப்பாடம் செய்கிறார்கள். முகவரி சொல்லும்போது இரண்டு தெருக்கள் வெட்டிக்கொள்ளும் முனையைச் சொல்லி, அங்கிருந்து வடக்கே என்றால் ‘ஏறு’, தெற்கே என்றால் ‘இறங்கு’, கிழக்கிலோ மேற்கிலோ என்றால் ‘நுழை’ என்று சேர்த்துக்கொள்கிறார்கள். வெறுமையைத் தேடி ஊர் ஊராகப் போகிறவர்கள் அங்கே வழி தவறவே முடியாது.

தோக்கியோவின் கதை வேறு. அது வரியின் கதை, சட்டத்தின் கதை. தோக்கியோ எடோவாக இருந்த காலத்தில் ‘சோ’ என்பது ஒரு தெருவின் இரு பக்கமும் எதிரும் புதிருமாகப் பார்த்திருந்த வீடுகளின் கூட்டம். எதிர்வீட்டுக்காரரும் நானும் ஒரே சோ. அதன் பெயரே தெருவின் பெயர். தெருவுக்கென்று தனியாக ஒன்று எதற்கு? சாயக்காரர்கள் இருந்தது கொன்யாசோ, கொல்லர்கள் இருந்தது கஜிசோ. 1873-ல் நிலவரிச் சீர்திருத்தம் வந்தது, மனைகளுக்கு எண் விழுந்தது. பிறகு மனைகள் பிரிந்தன, சேர்ந்தன. எண்கள் முன்னுக்குப் பின் குழம்பின. வரி வசூலுக்காகப் போட்ட எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு தபால்காரர் வீடு தேடினார். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1962-ல் குடியிருப்பு முகவரிச் சட்டம் வந்தது. தீர்த்த லட்சணத்தைப் பாருங்கள்: தெருவை நடுவில் வைத்திருந்த சோவைக் கலைத்து, தெருவையே எல்லைக்கோடாக்கினார்கள். எதிரெதிர் வீடுகள் வேறு வேறு பகுதிகளாயின. பழைய பெயர்கள் கொத்துக் கொத்தாகப் போயின. கந்தா வட்டாரத்தில் மட்டும் சாயக்காரரும் கொல்லரும் பெயரளவில் பிழைத்திருக்கிறார்கள். இடையில் 1945-க்குப் பிறகு ஆக்கிரமிப்புப் படை வந்து, சாலைகளுக்கு ஏ, பி, சி என்று எழுத்திலும் எண்ணிலும் பெயர் சூட்டிப் பலகை நட்டது. படை போனதும் பலகையும் போயிற்று. நம் கட்டுரையாளருக்கு இதில் ‘பெயரை மறுக்கும் கிழக்கு’ தெரிகிறது. எங்களுக்கு ஒரு வருவாய்த்துறை அலுவலகமும் ஒரு சட்டப்பிரிவும்தான் தெரிகின்றன. எதிர்வீட்டோடு உறவறுத்த சட்டத்தை ஞானம் என்று எழுதுகிறவருக்கு அந்த எதிர்வீட்டுக்காரர் மனிதராகவே படவில்லை.

இதோடு விட்டிருந்தால் பேசாமல் இருந்திருப்போம். ரோஜி என்ற சொல்லுக்குப் ‘பனி நனைந்த நிலம்’ என்று பொருள் சொல்லி, தோக்கியோச் சந்துகளில் நடப்பவர் எல்லோரும் தேநீர்க் குடிலை நோக்கியே நடக்கிறார்கள் என்று முடிக்கிறார். ஒலி ஒன்று, எழுத்து இரண்டு. தேநீர்த் தோட்டத்து ரோஜியில் பனிக்கான எழுத்து இருக்கிறது. இன்று சந்தைக் குறிக்க எழுதும் ரோஜியில் பாதைக்கான எழுத்து இருக்கிறது. பழைய ஏடுகளில் இரண்டும் கலந்து வருவதுண்டு என்பதற்காகச் சந்தில் பனி இறங்கிவிடாது.

எடோவின் சந்தில் என்ன இருந்தது? நாகயா என்னும் வரிசை வீடுகள். சாதாரண வீட்டின் அளவே அதன் பெயராகிப்போனது: ஒன்பது ஷாக்கு அகலம், இரண்டு கென் நீளம். நம் கணக்கில் ஒன்பதடிக்குப் பன்னிரண்டடி, அடுப்பும் மண்தரையும் உட்பட. இதற்குள் ஒரு குடும்பம். நடுவில் சாக்கடை, அதன்மேல் பலகை. பொதுக் கிணறு, பொதுக் குப்பைமேடு, பொதுக் கழிப்பிடம். கழிப்பிடத்தில் சேர்ந்ததை உரத்துக்காக விவசாயிகள் காசு கொடுத்து அள்ளிப் போனார்கள். காசு, வீடுகளை மேற்பார்த்த ஓயாவுக்கு. குடியிருந்தவர்களின் பங்கு உற்பத்தியோடு சரி. ஒண்டுக்குடித்தனம் என்ற சொல் கைவசம் இருக்கும் நமக்கு இதை விளக்கப் பனி எதற்கு?

சந்தின் அழகைப் பேசக் கூடாது என்பதில்லை. எழுத்தாளர் நாகாய் காஃபூ 1915-ல் நூலாக்கிய தோக்கியோ நடைக் கட்டுரைகளில் ரோஜிக்கென்றே ஒரு பகுதி உண்டு. மரச்செருப்பு, கையில் குடை, கூடவே எடோ காலத்து வரைபடம். இத்துடன் நடந்தவர் அவர். அமெரிக்காவையும் பிரான்ஸையும் பார்த்துவிட்டு வந்த கண் அது. ஏக்கம் அவரிடம் ஏராளம், சில இடங்களில் தாங்க முடியாத அளவுக்கு. ஆனாலும் அவருடைய சந்தில் ஆட்கள் வாழ்கிறார்கள், வெயிலில் துணி காய்கிறது. நாம் அவரிடம் கற்றது அதைத்தான்.

இடச்சொற்கள் பிறக்கும் விதத்துக்கு ஹிரோகோஜியைவிட நல்ல சான்று கிடைக்காது. 1657-ன் மெய்ரெகி தீ எடோவின் பெரும்பகுதியைத் தின்றது. அடுத்த தீ தாவாமல் இருக்கச் சில இடங்களில் ஹிரோகோஜி என்ற அகலமான வெளிகளை விட்டார்கள். நிலையான கட்டடம் கூடாது என்பது விதி. ஆகவே பிரித்துப் போடக்கூடிய கொட்டகைகள் வந்தன. கொட்டகையில் தேநீர்க்கடை, வித்தைக்காரர், கதைசொல்லி, அவர்களைச் சுற்றிக் கூட்டம். தீத்தடுப்புக்கு விட்ட இடம் ஊரின் கேளிக்கைத் தலமாயிற்று. உவெனோ ஹிரோகோஜி இன்று ஒரு சுரங்க ரயில் நிலையத்தின் பெயர்.

ஆங்கிலமும் இதே சேற்றில் முளைத்ததுதான். லண்டனில் மியூஸ் என்றால் இன்று கோடீஸ்வரர்களின் குறுந்தெரு. நேற்று குதிரை லாயம். அதற்கு முன் அரசரின் வல்லூறுகள் இறகு உதிர்க்கும் கூண்டு. டவுன்டவுன், மன்ஹாட்டன் தீவின் தென்கோடியைக் குறித்த உள்ளூர்ப் பேச்சு. இதைக் கொண்டுபோய் ஷிதாமாச்சிக்குப் பெயர்ப்பாக ஒட்டிய புண்ணியவான் யாரோ! ஷிதாமாச்சி தாழ்நிலத்துக் கைவினைஞர், சிறு வியாபாரிகளின் ஊர். மேட்டில் இருந்த யமனோத்தே சாமுராய்களுடையது. ஆங்கிலம் வழியே படிக்கும் நம்மவர்கள் ஷிதாமாச்சியில் வானளாவிகளைத் தேடுகிறார்கள்.

ஜப்பானியம் ஆங்கிலத்திடம் கடன் வாங்கியதில் வெட்கம் பார்க்கவில்லை என்பதும் கட்டுரையாளருக்கு வசதியாக மறந்துவிட்டது. ரயில் பாலத்து அடியில் கோழி இறைச்சி சுடும் புகையோடு இயங்கும் மதுக்கடை வரிசைக்கு ‘காதோஷித்தா’ என்று பெயர். அந்தக் ‘காதோ’ ஆங்கில கர்டர்தான், இரும்புத் தூலம். அடுக்குமாடியில் சொந்தமாக ஒரு ஃபிளாட் வாங்கினால் அது ‘மன்ஷோன்’. ஆங்கில நாவல்களில் பிரபுக்கள் வாழும் மேன்ஷன் தோக்கியோ போய் மாதத் தவணையில் சிக்கிய நடுத்தர வர்க்கத்தின் வீடானது. நமக்கு இதில் சிரிக்க உரிமையில்லை. திருவல்லிக்கேணிக்கு வந்த அதே மேன்ஷன் தனிக்கட்டைகளின் கட்டில் வாடகை இடமானது. இது தெரியாமல் ஒரு ஜப்பானிய நாவலின் தமிழ்ப் பெயர்ப்பில் பகுதிநேர வேலை பார்க்கும் பெண் தன் ‘மாளிகை’க்குத் திரும்பி உடனடி நூடுல்ஸ் கிண்டுகிறாள்.

தோக்கியோவை உண்மையிலேயே உற்றுப் பார்த்தவர் என்றால் எங்களுக்குக் கலைஞர் அகசேகவா கென்பேய்தான். 1972-ல் யோத்சுயாவில் ஒரு விடுதிச் சுவரையொட்டி ஏறி இறங்கும் படிக்கட்டைப் பார்த்தார். மேலே கதவு இல்லை. ஆனால் கைப்பிடி பழுது பார்க்கப்பட்டிருந்தது. பயனற்றது, ஆயினும் பேணப்படுகிறது. இப்படிப்பட்டவற்றைத் தேடித் தொகுத்துத் ‘தொமாசன்’ என்று பெயரிட்டார். யொமியூரி ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணி பெருந்தொகை கொடுத்து வாங்க, மட்டையை வீசி வீசிப் பந்தைத் தவறவிட்டுக்கொண்டிருந்த அமெரிக்க ஆட்டக்காரரின் பெயர் அது. 1986-ல் நண்பர்களோடு தெரு நோக்கர் சங்கம் கண்டார். இவர்களுக்கு முன்னோடி கொன் வஜிரோ. 1925-ல் கின்சாவில் நின்று, போகிற வருகிறவர்களின் உடையைக் கணக்கெடுத்தார். ஆண்களில் மூவரில் இருவர் மேல்நாட்டு உடை. பெண்களில் நூற்றுக்கு ஒருவர். ஜப்பானிய மனதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட இந்த ஒரு வரி எங்களுக்கு மேல்.

வெறுமையை ரசிக்கிறவர்கள் விற்பனையைப் பார்ப்பதில்லை. ரியல் எஸ்டேட்காரர்கள் பார்க்கிறார்கள். 2003-ல் ரோப்போங்கி ஹில்ஸ், 2023-ல் அசபுதாய் ஹில்ஸ். பின்னதன் நிலத்தில் ஒரு பள்ளத்தாக்கே இருந்தது, கசென்போதானி என்று பெயரோடு. பள்ளத்தை வாங்கி மலை என்று ஆங்கிலத்தில் விற்கிறார்கள். யமனோத்தே வட்ட ரயில் பாதையில் புதிய நிலையத்துக்குப் பெயர் வைக்க மக்களைக் கேட்டார்கள். 64,000-க்கு மேல் பரிந்துரைகள். முதலிடம் 8,398 பேர் சொன்ன தகனாவா. ரயில் நிறுவனம் 2018 டிசம்பரில் அறிவித்த பெயர் தகனாவா கேட்வே. அதைச் சொன்னவர்கள் 36 பேர். பட்டியலில் 130-ஆம் இடம். எதிர்த்துக் கையெழுத்து இயக்கம் நடந்தது. 2020 மார்ச்சில் நிலையம் அதே பெயரோடு திறந்தது. பெயர் வேண்டும் என்று ஆயிரக்கணக்கானோர் எழுதிப் போட்ட நகரத்தைப் பற்றித்தான் அங்கே பெயருக்கு ஆசைப்படாதவர்கள் வாழ்கிறார்கள் என்று இங்கே எழுதுகிறார்கள்.

நகரச் சொற்களுக்கும் நமக்கும் தொடர்பே இல்லையா என்று கேட்பவர்களுக்கு ஒன்று. ஊர்கள் பெருத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதற்கு ஆங்கிலத்தில் கானர்பேஷன் என்ற சொல்லைத் தன் நூலொன்றில் படைத்த பேட்ரிக் கெடிஸ், அந்த நூல் வந்த 1915-ல் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றி அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். அவர் அனுப்பிய நகரக் கண்காட்சிப் பொருள்களைச் சுமந்த கப்பலை 1914-ல் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்தது. திரும்பத் திரட்டிச் சென்னையில் காட்சி வைத்தார்கள். கெடிஸின் சொல் நகரமைப்பாளர்களோடு நின்றுவிட்டது. எம்டன் நம் பேச்சில் ஏறி உட்கார்ந்து, வீட்டுக்கு வீடு ஒரு பொல்லாத பெரியவருக்குப் பட்டப்பெயரானது.

இனி மொழிபெயர்ப்பு அனுப்பும் நண்பர்களுக்கு: ஷோதென்காய் கடைத்தெரு. ரோஜி சந்து. நாகயாவுக்கு ஒண்டுக்குடித்தனம் என்று எழுதலாம், திருநெல்வேலிக்காரர் வளவு என்றும் எழுதலாம். மன்ஷோன் ஃபிளாட். அடிக்குறிப்பில் ஜென் வேண்டாம். கோபானை மட்டும் கோபான் என்றே விடுங்கள். தெருமுனையில் சின்ன அறை, சுவரில் வட்டார வரைபடம், முகவரி தெரியாதவர் தயங்காமல் உள்ளே போய் வழி கேட்கும் காவல் நிலையம் அது. அதற்குத் தமிழில் என்ன எழுதுவது என்று ஆசிரியர் குழுவில் யாருக்கும் தோன்றவில்லை.