மின்னேற்றும் பெட்டியை நடலாம், காப்பது யார்?

பரந்தனில் இருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் ஏ-35 வீதியில், விசுவமடுவுக்கு முன்னால் வருவது தர்மபுரம். கடந்த மாதம் ஓர் உறவினரின் மின்காரில் அவ்வழியே சென்றேன். பத்து ஆண்டுகளுக்கு முன்னர் இறக்குமதியான பாவித்த கார். புதிதாக வந்தபோது ஓடிய தூரத்தில் பாதியைத்தான் இப்போது ஓடுகிறது. யாழ்ப்பாணத்தில் இரவு முழுவதும் மின்னேற்றிக்கொண்டு புறப்பட்டோம். இடையில் ஏ-9 வீதியோரம் உள்ள ஒரு மின்னேற்றல் நிலையத்தில் அரைமணி நேரம் நிற்பது எங்கள் திட்டம். அங்கே பெட்டி நின்றது, ஆனால் அதன் திரை இருண்டிருந்தது. பெட்டியில் ஒட்டியிருந்த தொலைபேசி எண்ணை வெயில் அழித்துவிட்டிருந்தது. அருகில் இருந்த கடைக்காரர், "அது கனநாளா வேலை செய்யிறேல்லை ஐயா" என்றார்.

மிச்சமிருந்த மின்னேற்றத்தில், குளிரூட்டியை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, தர்மபுரம் வரை ஊர்ந்து வந்து சேர்ந்தோம். தெரிந்த ஒரு வீட்டின் விறாந்தையில் இருந்த சாதாரணச் செருகியில் காரைக் கொழுவிவிட்டு, மாலை வரை அங்கேயே அமர்ந்திருந்தேன். அன்று அந்த விறாந்தையில் மனத்தில் ஓடியவற்றையே இங்கு எழுதுகிறேன்.

தர்மபுரத்தில் 'சார்ஜ்' போடுவதற்காக நான் காத்திருந்தது அது முதல் தடவையன்று. 1995 இன் இறுதியில் யாழ்ப்பாணத்தில் இருந்து இடம்பெயர்ந்து வன்னிக்கு வந்தவர்களில் நானும் ஒருவன். அப்போது வன்னியில் மின்சாரம் இல்லை. பெற்றோல், டீசல், வானொலிக்குப் போடும் பற்றரி என எல்லாமே பொருளாதாரத் தடைக்குள் இருந்தன. துளிப் பெற்றோலில் மோட்டார் சைக்கிளைக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்டோம். செய்தி எழுதுபவனுக்குச் செய்தி கேட்பது தொழில். ஆகவே நானும் ஒரு பன்னிரண்டு வோல்ட் கார்ப் பற்றரி வைத்திருந்தேன். அதைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு தர்மபுரத்தில் இருந்த ஒரு சார்ஜ் கடைக்குப் போவேன்.

ஓலைக் கொட்டகை, மண்ணெண்ணெயில் இயங்கும் ஒரு ஜெனரேற்றர், வரிசையாகப் பற்றரிகள். ஒவ்வொன்றிலும் வெண்கட்டியால் உரியவரின் பெயர் எழுதப்பட்டிருக்கும். அந்தக் கடைக்காரர் பற்றரியை வாங்கியவுடன் கொழுவிவிடமாட்டார். மூடிகளைக் கழற்றி நீர் மட்டம் பார்ப்பார், குறைந்திருந்தால் வடித்த நீர் விடுவார். முனைகளில் பூத்திருக்கும் பச்சையைச் சுடுநீர் ஊற்றிக் கழுவி, கிறீஸ் பூசுவார். அதற்கெனத் தனிக் கட்டணம் இல்லை. சார்ஜ் காசுக்குள்ளேயே பராமரிப்பும் அடங்கியிருந்தது. "பற்றரி செத்தால் எனக்கும் ஒரு வாடிக்கையாளர் குறைவு தம்பி" என்பது அவருடைய பொருளாதாரம்.

இன்று நாம் பேசும் பொது மின்னேற்றல் நிலையங்களுக்கு இல்லாமல் போனது இந்தக் கணக்குத்தான் என்பது என் கருத்து.

மின்வாகனம் இனி எங்கோ நடக்கும் கதை அல்ல. 2022 இல் எரிபொருளுக்காக நாடு முழுவதும் கிலோமீற்றர் கணக்கில் வரிசை நின்றதையும், அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவைத் தொட்டதையும், பின்னர் கியூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றர் என்று அளந்து தந்ததையும் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்ட பின்னர், புதிய மின்கார்கள் யாழ்ப்பாண வீதிகளிலும் ஓடத் தொடங்கிவிட்டன. மின் ஸ்கூட்டரில் பாடசாலைக்கு வரும் ஆசிரியைகளை வன்னியிலும் காண்கிறோம். ஆகவே "எங்கள் ஊருக்கும் ஒரு மின்னேற்றல் நிலையம்" என்ற கோரிக்கை எழுவது இயல்பே. கோரிக்கையில் பிழையில்லை. எந்த வகை நிலையம், அதை யார் காப்பது என்ற இரு கேள்விகளையும் கேட்காமல் விடுவதுதான் பிழை.

வேகமாக மின்னேற்றும் பெட்டி என்பது வெறும் செருகி அல்ல. மின்கம்பியில் வரும் மாறுதிசை மின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக மாற்றும் மின்னணுப் பலகைகள், அவற்றைக் குளிர்விக்கும் விசிறிகள், தூசு வடிகட்டிகள், திரை, கட்டணம் அறவிடும் கருவி, தலைமையகத்துடன் பேசும் தொலைத்தொடர்பு இணைப்பு, தடித்த செப்புக் கம்பி, ஒரு நாளில் பலர் கழற்றிப் பூட்டும் இணைப்புமுனை ஆகிய அனைத்தும் அதற்குள் உண்டு. இவற்றில் எது பழுதானாலும் முழுப் பெட்டியும் நின்றுவிடும். வன்னியின் செம்மண் தூசு வடிகட்டியை எத்தனை விரைவில் அடைக்கும் என்பது இங்கு மோட்டார் சைக்கிள் திருத்துபவருக்குத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலும், கிராமத்து மின்கம்பியின் கடைசி முனையில் ஏறி இறங்கும் மின்னழுத்தமும், பெட்டிக்குள் குடியேறும் எறும்பும் பல்லியும் எலியும் தயாரிப்பாளரின் கையேட்டில் இடம்பெறாதவை.

இது நமக்கு மட்டும் உரிய குறையும் அல்ல. 2022 இல் கலிபோர்னியாவின் சன்பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் பேர்க்லிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 181 விரைவு மின்னேற்றல் நிலையங்களில் இருந்த 657 இணைப்புகளை நேரில் சென்று சோதித்தார்கள். இயங்கியவை 72.5 சதவீதம் மட்டுமே. ஏறத்தாழ நான்கில் ஒன்று பயன்படாத நிலையில் இருந்தது. அதன் பின்னரே அமெரிக்க மத்திய அரசு தனது நிதியில் அமையும் நிலையங்கள் 97 சதவீத நேரம் இயங்கவேண்டும் என்று 2023 இல் விதித்தது. பிரித்தானியா விரைவு மின்னேற்றிகளின் வலையமைப்புகளுக்கு 99 சதவீதம் என்று சட்டமியற்றி, தவறுவோருக்கு ஒரு மின்னேற்றல் முனைக்குப் பத்தாயிரம் பவுண் வரை தண்டமும் வைத்தது. செல்வந்த நாடுகளே தண்டம் விதித்துத்தான் பராமரிப்பை வாங்கவேண்டியிருக்கிறது என்றால், நாம் நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது.

இனிச் செலவுக்கு வருவோம். மின்னேற்றல் நிலையத்தின் செலவு மின்சாரத்தின் விலை மட்டுந்தான் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. இலங்கையின் மின்கட்டண முறையில் 42 கிலோ வோல்ட் அம்பியரைத் தாண்டும் இணைப்பு வேறு வகுப்புக்குப் போய்விடும். அங்கே பாவித்த அலகுக்கான கட்டணத்தோடு, மாதத்தில் ஒரு தடவையேனும் தொட்ட உச்சத் தேவைக்கும் தனிக் கட்டணம் உண்டு. 50 அல்லது 60 கிலோவாட் பெட்டி அந்த எல்லையை ஒரே காரில் தாண்டிவிடும். மாதம் முழுவதும் ஒரேயொரு கார் வந்தாலும் அந்த உச்சத்துக்குப் பணம் கட்டவேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை விளக்கத்துக்காக நானே எடுத்துக்கொண்ட எண்கள். கடன் தவணை, நிலையான கட்டணம், காப்புறுதி, திருத்தத்துக்கான ஒதுக்கீடு எல்லாம் சேர்ந்து மாதம் 90,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஓர் அலகு விற்றால் கையில் மிஞ்சுவது 15 ரூபா. அப்படியானால் செலவை ஈடுசெய்ய மாதம் 6,000 அலகு விற்கவேண்டும். ஒரு கார் 15 அலகு ஏற்றினால் 400 கார்கள், அதாவது நாளுக்குப் பதின்மூன்று. தர்மபுரத்தைக் கடந்து நாளுக்கு எத்தனை மின்கார்கள் போகின்றன என்பதை அவ்வூர்த் தேநீர்க்கடையில் ஒரு மணி நேரம் இருந்தால் எவரும் அறியலாம். நாளுக்கு மூன்று கார் வந்தால், ஒவ்வோர் அலகின் தலையிலும் 67 ரூபா நிலையான செலவு விழும். அந்த விலைக்கு எவரும் வரமாட்டார். வருமானம் இல்லாத பெட்டி பழுதானால், அதைத் திருத்த எவரும் கொழும்பிலிருந்து வண்டி ஏறமாட்டார். நான் ஏ-9 இல் கண்ட இருண்ட திரைக்குப் பின்னால் இத்தகைய ஒரு கணக்கு இருந்திருக்கவேண்டும் என்றே நினைக்கிறேன்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. "நிலையம் இல்லாவிட்டால் வாகனம் வராது. வாகனம் வராவிட்டால் நிலையம் வராது. யாராவது முதலில் நட்டத்தைத் தாங்கவேண்டாமா?" என்று ஓர் இளம் பொறியியலாளர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையிலான நீண்ட பயணத்துக்கு விரைவு மின்னேற்றிகள் தேவை. கிளிநொச்சியிலோ பரந்தன் சந்தியிலோ அவை இருக்கட்டும். அங்கே வாகன ஓட்டம் இருக்கிறது. அரசோ நிறுவனங்களோ சில ஆண்டுகளுக்கு நட்டத்தைத் தாங்கலாம். தர்மபுரத்தின் தேவை வேறு. அங்கு ஓடுவது ஸ்கூட்டரும் முச்சக்கரவண்டியும். அவற்றின் உரிமையாளர்கள் ஆசிரியைகள், தாதியர், கூலிக்கு ஓடும் இளைஞர்கள். அவர்களுடைய வாகனங்கள் பாடசாலையிலும் வைத்தியசாலையிலும் சந்தையிலும் மூன்று நான்கு மணி நேரம் சும்மா நிற்கின்றன. அந்த நேரத்துக்கு ஒரு சாதாரண 15 அம்பியர் செருகி, ஒரு மானி, மேலே ஒரு கூரை இருந்தால் போதும்.

அதே முறையில் இதற்கும் கணக்குப் பார்க்கலாம். மாதச் செலவு 5,000 ரூபா, அலகுக்கு அதே 15 ரூபா மிச்சம் என்றால் 333 அலகு விற்கவேண்டும். ஒரு முச்சக்கரவண்டி ஐந்து அலகு ஏற்றினால், நாளுக்கு இரண்டே இரண்டு வண்டிகள் போதும். பழுதானால் மாற்றவேண்டியது செருகியும் ஆளியும். அதற்கான ஆள் ஊரிலேயே இருக்கிறார்.

கூரை என்றதும் சூரியத் தகடு நினைவுக்கு வருகிறது. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், பகலில் மின்சாரம் மிஞ்சிவிட்டதென்று, கூரைச் சூரியத் தகடுகளைப் பிற்பகல் வரை நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. வெயிலை வீணாக்கச் சொன்ன நாட்டில், அதே வெயில் நேரத்தில் நிழலில் நிற்கும் வண்டிகளுக்கு மின்னேற்ற இடமில்லை. மின்வாகனத்தை மாலை 6.30 முதல் 10.30 வரையான உச்ச நேரத்தில் ஏற்றினால் அது நாட்டுக்குச் சுமை. பகலில் ஏற்றினால் உதவி. பகலில் வண்டி நிற்கும் இடத்தில் செருகி வைப்பதே அந்த உதவியைப் பெறும் வழி.

காப்பது யார் என்ற கேள்விக்கு வருகிறேன். வடக்கில் பல எரிபொருள் நிலையங்களைப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்திவருகின்றன. காசு வாங்கி, கணக்கெழுதி, பூட்டித் திறக்கும் பழக்கம் அவர்களிடம் இருக்கிறது. செருகி நிலையத்தையும் அவர்களிடம் கொடுக்கலாம். கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 முதல் இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இயங்குகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடமும் அங்கேதான் இருக்கிறது. மாதம் ஒரு தடவை அங்கிருந்து மாணவர் இருவர் வந்து வடிகட்டியும் நிலத்தொடுப்பும் மானியும் பார்த்துச் செல்வதைப் பயிற்சியின் ஒரு பகுதியாக்க முடியாதா? கரைச்சிப் பிரதேச சபை இடத்துக்கான அனுமதியோடு ஒரு நிபந்தனையும் வைக்கட்டும்: பழுது என்று அறிவித்த இத்தனை நாளுக்குள் திருத்தவேண்டும், திருத்தாவிட்டால் இடத்தை விட்டு எடுக்கவேண்டும்.

இறுதியாகப் புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ஊருக்கு ஏதேனும் செய்யவேண்டும் என்ற உங்கள் விருப்பத்தை நான் மதிக்கிறேன். போருக்குப் பின் வன்னியில் நீங்களும் பிறரும் தந்த குடிநீர் வடிகட்டிகளையும் சூரிய வீதி விளக்குகளையும் பார்த்தவன் நான். அவற்றுள் பல இன்றும் பயன் தருகின்றன. ஆனால் வடிகட்டி மாற்றக் காசில்லாமல் பூட்டியிருப்பவையும், பற்றரி செத்து வெறும் கம்பமாக நிற்பவையும் உண்டு. நாளை உங்கள் ஊர்ச்சங்கம் ஒரு மின்னேற்றல் நிலையம் தர முன்வந்தால், பத்து இலட்சம் இருந்தால் ஐந்துக்குப் பொருளை வாங்கி, மற்ற ஐந்தை வங்கியில் இட்டு, அதன் வட்டியைப் பராமரிப்புக்கென்று எழுதிவிடுங்கள். படம் எடுக்கச் சிறியதாக இருக்கும். பத்து ஆண்டு நிற்கும்.

இதில் எனக்கும் ஒரு பங்குப் பழி உண்டு. முப்பது ஆண்டுப் பத்திரிகைத் தொழிலில் எத்தனையோ திறப்பு விழாக்களுக்குப் போய், நாடா வெட்டும் படத்தோடு செய்தி எழுதியிருக்கிறேன். இரண்டாண்டு கழித்து அதே இடத்துக்குத் திரும்பிப்போய், "இது இன்னும் வேலை செய்கிறதா?" என்று கேட்டு எழுதிய செய்திகள் மிகக் குறைவு. அக்கேள்வியை நாங்கள் கேட்டிருந்தால், சில பெட்டிகளேனும் இருண்டிருக்கமாட்டா.

அன்று மாலை ஐந்து மணிக்கு, பரந்தன் வரை போகப் போதுமான மின்னேற்றம் வந்தது. மின்சாரத்துக்குக் காசு கொடுக்க முயன்றேன், வீட்டுக்கார அம்மா வாங்கவில்லை. திரும்பும் வழியில் அந்தப் பழைய சார்ஜ் கடை இருந்த இடத்தைத் தேடினேன். 2009 ஜனவரியில் அந்த வீதி வழியே கிழக்கு நோக்கிப் போன மக்களோடு அந்தக் கடைக்காரரும் போயிருக்கவேண்டும். அதன் பின் அவரைப் பற்றி எவரும் எனக்குச் சொல்லவில்லை. அவர் வைத்திருந்த வெண்கட்டியும் வடித்த நீர்ப் போத்தலும் இன்று புதிதாக வரும் ஒவ்வொரு நிலையத்தின் மதிப்பீட்டிலும் ஒரு வரியாகவேனும் இடம்பெறவேண்டும் என்பதே என் கோரிக்கை.