சிறு வாகனமும் சீரான வேகமும்

சென்ற வாரம் போர்ட் கிள்ளானில் நடந்த ஒரு திருமண விருந்தில், புதிதாக மைவி வாங்கிய எங்கள் வீட்டுப் பெண்ணிடம் உறவினர் ஒருவர், "சின்னக் காடிக்கு எதுக்கும்மா குரூஸ் கன்ட்ரோல்? எஞ்சின் தாங்காது, எண்ணெய் குடிக்கும்" என்று உபதேசித்ததையும், பந்தியிலிருந்தோர் அனைவரும் அதை வேதவாக்காகக் கொண்டு தலையசைத்ததையும் கண்டு எனக்கு உண்டான எரிச்சல் இன்னும் தணியவில்லை.

வேகத்தைத் தானே சீராக வைக்கும் இந்தக் குரூஸ் கன்ட்ரோல் சாதனத்தை ஆக்கிய அமெரிக்கப் பொறியியலாளர் ரால்ஃப் டீட்டர், ஐந்து வயதிலேயே பார்வையை இழந்தவர். அவருடைய வழக்கறிஞர் கார் ஓட்டும்போது, பேசினால் வேகம் குறைவதும் பிறர் பேசக் கேட்டால் கூடுவதுமாக இருந்த அவஸ்தையே அவரை இம்முயற்சியில் தூண்டியது என்பர். 1950இல் அவர் காப்புரிமை பெற்றார். 1958ஆம் ஆண்டுக் கிரைஸ்லர் கார்களில் அது விற்பனைக்கு வந்தது. டீட்டர் கண்ட குறை மனிதக் காலின் சஞ்சலம். அந்தக் கால் மைவியில் ஏறியவுடன் ஞானம் பெற்றுவிடுகிறதா?

எண்ணெய் குடிக்குமாம்! வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 125க்குப் பாய்ந்து, கேமராவைக் கண்டதும் பிரேக்கை மிதித்து, மீண்டும் பாயும் சண்டப்பிரசண்டர்களே எண்ணெயை விரயம் செய்கிறார்கள். சமதளச் சாலையில் சட்டம் அனுமதிக்கும் 110க்குள் ஒரே சீராகச் செல்லும் சிறு காரன்று. எஞ்சின் தாங்காது என்பாரும் அறியட்டும்: த்ராட்டிலைத் திறப்பது காலா கருவியா என்று எஞ்சினுக்குத் தெரியாது. 2021இல் பெரோடுவா நிறுவனமே, முன்செல்லும் வண்டியோடு இடைவெளி காத்து வேகத்தைச் சீராக்கும் சாதனத்தை தன் அத்திவா, மைவி கார்களின் உயர்வகைகளில் பொருத்திவிட்டது. டீட்டர் நாடிய சௌகரியம் எழுபது ஆண்டுகளில் நம் வீட்டு வாசலுக்கே வந்திருக்க, அதைத் தொடாதே என்கிறார்கள்!

கடும் மழையிலும், கண்டெய்னர் லாரிகள் நெருக்கியடிக்கும் துறைமுகச் சாலையிலும் அதை அணைத்துவிட வேண்டும். இந்த விவேகம் எல்லாக் கார்களுக்கும் பொது. ஆனால் இவர்களுடைய பயத்திற்கு மூலகாரணம் பத்திரமன்று, அந்தஸ்து. மண்டப வாசலில் இறங்கும்போது நாலு பேர் பார்க்க வேண்டுமென்று ஒன்பதாண்டுத் தவணைக் கடனில் பெருவாகனம் வாங்கி, டயர் தேய்ந்தாலும் மாற்றாமல், கெசாஸ் சாலையின் வலத்தடத்தில் முன்செல்லும் சிறு காரின் பின்னால் ஒட்டி விளக்கடித்து விரட்டும் மனிதர்களே நமக்குப் பத்திரத்தைப் போதிக்க வருகிறார்கள். டீட்டரின் வழக்கறிஞரோ பேச்சில் மெய்ம்மறந்து வேகம் மாற்றினார். இவர்கள் கர்வத்தால் மாற்றுகிறார்கள்.

நெடும் பிரயாணத்தில் கால் சோராமலும், வேகம் எல்லை மீறாமலும், உடன்வருவோர் குலுங்காமலும் செல்வது ஒவ்வொரு குடும்பத்திற்கும் உரிய நன்மை. அதை வண்டியின் விலை பார்த்து வழங்கவும் மறுக்கவும் எவருக்கும் அதிகாரமில்லை. நம் பெண்களும் பிள்ளைகளும் தங்கள் காரின் கையேட்டை வாசித்து, தகுந்த சாலையில் தைரியமாகக் குரூஸ் கன்ட்ரோலைப் பயன்படுத்தட்டும். பந்திப் பண்டிதர்களின் அபிப்பிராயம் பந்தியோடு முடியட்டும்.