கிழங்குக்கு மருந்து அடிக்கிறவன்கிட்ட யார் கேட்டது?

வெலிமடையில் பனி மூடினால் கிழங்கு வயலில் மருந்து டேங்க் வந்துவிடும். இலையில் கருகல் விழுந்தபிறகு பார்த்துக்கொண்டு நின்றால் சில நாளிலேயே வயல் போய்விடும், அதனால நோய் வரமுதலே அடிக்கிறாங்க. வயல் பெரும்பாலும் கிராமத்து ஆளுகளோடது. டேங்க்கை முதுகில் சுமக்கிறதோ பல இடத்தில் நம்ம தோட்டத்துப் பயலுக, நாட்கூலிக்கு. அதனால எந்த ரகம் நடுறது என்ற கேள்வி நமக்கும் உரியது என்பதுதான் என் கட்சி.

இதே கருகல்தான் 1845இல் அயர்லாந்தில் பஞ்சத்தைக் கொண்டுவந்து சுமார் பத்து லட்சம் பேரைக் கொன்றது. (பயிர்நோய் ஊரையே மாற்றும் என்று நமக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1869இல் கோப்பியில் விழுந்த இலைத்துருதான் நம்ம மலைகளைத் தேயிலை மலையாக்கியது.) கருகலைத் தாங்கும் குணம் மெக்சிகோவின் காட்டுக்கிழங்கு ஒன்றில் கிடைத்தது. பெயர் சொலானம் டெமிசம். ஆனா காட்டுச்செடியோடு கலந்தால் அந்தக் குணத்தோடு சேர்ந்து சின்னக் கிழங்கும் வரும், வேண்டாத பலதும் வரும். அதைக் கழிக்கத்தான் பின்கலப்பு. கலந்து பிறந்ததைத் திரும்பவும் நல்ல கிழங்கோடு கலக்கிறது, அதில் நோய் தாங்குறதை மட்டும் எடுத்து மறுபடி கலக்கிறது. காட்டு வழி பாதி, கால், அரைக்கால் என்று குறைஞ்சுகிட்டே போகும். நெல்லில் ஒரே ரகத்தோடு திரும்பத் திரும்பக் கலக்கலாம். கிழங்கில் அப்படிச் செய்தால் செடி நலிந்துவிடும், அதனால சுற்றுக்குச் சுற்று வேற ரகம் எடுப்பாங்க. கடைசியில் நல்ல செடி ஒன்று கிடைத்தால் போதும், விதைக்கிழங்கு வழியா அப்படியே பெருகும்.

இது ஒருதடவை செய்து முடிக்கிற வேலை இல்ல. டெமிசத்தின் எதிர்ப்பைக் கிருமி சில வருடங்களிலேயே தாண்டியது. சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 1968இல் வெளியிட்ட குஃப்ரி ஜோதிக்கும் அதே கதிதான். அவங்க நிறுத்தல்ல. சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் நம்ம சொந்தக்காரங்க போய்ச் சேர்ந்த நீலகிரியில், ஊட்டிக்குப் பக்கத்து முத்தொரையில், அந்த நிறுவனத்துக்கு ஒரு நிலையம் இருக்கு. அந்த மலையின் நூற்புழுவையும் கருகலையும் சேர்த்துத் தாங்க 1985இல் குஃப்ரி ஸ்வர்ணா வந்தது. ஒரு பக்கம் ஜோதி, மறுபக்கம் வேறொரு காட்டு இனத்தின் வழி.

நம்ம பக்கம் கிரனோலா. ஜெர்மனியில் உருவான ரகம். கெட்ட ரகம் என்று சொல்லவரல்ல, விளைச்சலும் இருக்கு, சந்தையும் இருக்கு. ஆனா உருவாக்கினவங்க வெலிமடைப் பனியை நினைத்திருக்க மாட்டாங்க. சீத்தா எலியவிலும் பண்டாரவளையிலும் விவசாயத் திணைக்களத்துக்கு ஆராய்ச்சி நிலையங்கள் உண்டு, உள்ளூர் ரகங்களும் வந்திருக்கு. அங்கே ஒரு ரகத்தைத் தேர்வு செய்யும்போது விளைச்சல், தோல் நிறம், விலைக்குப் பக்கத்திலேயே இன்னொன்றையும் எழுதணும்: ஒரு போகத்துக்கு எத்தனை தடவை மருந்து? அதைச் சரியாச் சொல்லக்கூடியவன் டேங்க் சுமக்கிறவன். வயல் பார்க்கிற நாளில் அவனையும் கூப்பிடுங்க, அன்றைய நாட்கூலியைக் கொடுத்து.